சத்தம் போட்ட ஆல்டோ, சத்தமில்லாத ஆல்டோ: பழைய கார் இன்ஜினைக் காதால் பார்த்து வாங்கிய ஒரு நிகழ்வு ஆய்வு

என் மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், தாம்பரத்தில் வீட்டோடு ஒரு சின்னத் தையல் யூனிட் நடத்துகிறார். பிளவுஸும் சுடிதாரும் தைத்து, மூட்டை கட்டி, குரோம்பேட்டையிலும் பாடியிலும் இருக்கும் கடைகளுக்கு டூவீலரில் கொண்டுபோய்ப் போடுவார். ஒரு மழையில் சரக்கு நனைந்து அப்படியே திரும்பி வந்தது. அதோடு, பழைய கார் ஒன்று எடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. 2023-இல் நடந்தது இது. கையில் இருந்தது ஒன்றரை லட்சம். வண்டிக்கு மட்டும் 1,20,000-ஐத் தாண்டக் கூடாது, மிச்சத்தைப் பெயர் மாற்றத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் எடுத்த கையோடு வரும் வேலைக்கும் ஒதுக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

இந்த விலையில் அப்போது சென்னையில் கிடைத்தது 2010-ஐ ஒட்டிய ஆல்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர் போன்ற வண்டிகள். நாங்கள் ஆல்டோ பக்கம் சாய்ந்தோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் பெல்ட்டில் ஓடும் எளிமையான இன்ஜின். எந்தத் தெரு மெக்கானிக்குக்கும் அது பழக்கம், ஸ்பேர்ஸும் ஜி.பி. ரோட்டில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு லட்ச ரூபாய் வண்டியில் இன்ஜின் வேலை வந்தால் விலையில் கால் பங்குக்கு மேல் அதிலேயே போய்விடும். அதனால்தான் பெயின்ட், சீட் கவர் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இன்ஜின் சத்தத்திலேயே முழுக் கவனமும் வைத்தோம். கூட வந்தவர் தாம்பரத்தில் ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். மாருதி வண்டிகளிலேயே கை பழகியவர்.

அம்பத்தூர் வண்டி

முதலில் மனசுக்குப் பிடித்தது அம்பத்தூரில் ஒரு பெரியவர் வைத்திருந்த 2011 மாடல். ஒரே ஓனர், 74,000 கிலோமீட்டர், பில்கள் எல்லாம் ஒரு கவரில் அடுக்கி இருந்தன. கேட்ட விலை 1,30,000. தரைத் தகட்டில் துரு இல்லை, டயர் மட்டும் தேய்ந்திருந்தது. ஆனால் சாவியைத் திருப்பியதுமே பானட்டுக்குள்ளிருந்து 'டக் டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தட்டலும் சேர்ந்து வேகமெடுத்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே கிளம்பிவிட்டார்களாம். ஒரு புரோக்கர் மட்டும் "ஃபுல் இன்ஜின் வேலை இருக்கு, 90,000-க்குக் கொடுத்தா எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பெரியவர் எதையும் மறைக்கவில்லை. "ஆறு மாசமா இருக்குப்பா. டேப்பட் சவுண்டுன்னு சொன்னாங்க. டேப்பட் செட் பண்ணியும் போகல. மைலேஜும் குறைஞ்சுபோச்சு" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக் அண்ணன் அதை மனசில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின நாளே போனில் கேட்டுக்கொண்டிருந்தோம். பானட்டைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தார் அண்ணன். அளவு சரியாக இருந்தது. நிறம் கறுத்திருந்தாலும் விரலில் தேய்த்தபோது நறநறப்பு இல்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில், தண்ணீர் கலந்ததைக் காட்டும் வெள்ளைப் பசை கிடையாது. அப்புறம்தான் சாவி. ஆயில் விளக்கு உடனே அணைந்தது. சத்தம் அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டால் நிறையத் தெளிவாகும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், டைமிங் பெல்ட் வழியாகச் சுற்றி வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மெதுவாக ஓடும் ஐடிலில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால் கிராங்க் நொடிக்கு 15 சுற்று, கேம் ஏழரை. கேமின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் பாகம்தான் டேப்பட்; ஒரு வால்வின் டேப்பட் மட்டும் தளர்ந்திருந்தால் நொடிக்கு ஏழெட்டுத் தட்டு கேட்கும். கிராங்கோடு சேர்ந்து சுற்றும் பொருள் ஒன்று, லூசான கிராங்க் புல்லி மாதிரி, தட்டினால் நொடிக்கு 15. இரண்டையும் காதால் எண்ண முடியாது. ஆனால் போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்து வீடியோ எடுத்து, அதை மெதுவாக ஓடவிட்டால் எண்ணலாம். எண்ணினோம். நொடிக்கு எட்டுக்கு மேல் போகவில்லை. புல்லி, ஃபிளைவீல் இரண்டின் மேலும் இருந்த சந்தேகம் அங்கேயே குறைந்துவிட்டது.

ஏசியைப் போட்டும் அணைத்தும் பார்த்தோம், மாற்றமில்லை. ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டார் அண்ணன். அந்த பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது என்பதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பெல்ட் இல்லாதபோதும் அதே 'டக் டக்'. ஆக, ஆல்டர்னேட்டர் பேரிங்கும் வாட்டர் பம்பும் காரணமில்லை.

அடுத்தது நீளமான ஸ்க்ரூடிரைவர். கைப்பிடியைக் காதோரம் வைத்து, முனையை ஒவ்வொரு இடமாக ஊன்றிக் கேட்டார். வால்வு கவர் மேல் இரண்டாவது சிலிண்டர் நேரே 'டிக் டிக்' என்று சன்னமாக ஒன்று. ஆனால் வெளியே கேட்கும் பெரிய சத்தம் அது இல்லை. பெரியது மூன்றாவது சிலிண்டர் பக்கம் இருந்தது. வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டிலிருந்தா, பிஸ்டன்கள் ஓடும் கீழ்ப்பகுதியான பிளாக்கிலிருந்தா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரும்பும் அலுமினியமும் சத்தத்தை நன்றாகவே கடத்தும், ஓர் இடத்துத் தட்டல் அடுத்த இடத்திலும் கேட்கும். ஸ்க்ரூடிரைவர் வைத்த இடத்தில்தான் கோளாறு என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்புவதில்லை.

சிலிண்டரை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தது

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றிக் கழற்றி மாட்டினார் அண்ணன். அந்த சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் போகாது, எரியாது, ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அதில் ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல், சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் கெடுக்கும். கனெக்டரைக் கழற்றுவதுதான் நல்லது.

ஒன்றாவதைக் கழற்றியபோது இன்ஜின் உதறியது, சத்தம் மாறவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியதும் 'டக் டக்' கிட்டத்தட்ட நின்றே போய்விட்டது.

அண்ணனோடு வந்த ஷெட் பையன் உடனே, "ராடு போயிடுச்சுண்ணா" என்றான். நிறையப் பேர் இந்த இடத்தில் அப்படித்தான் முடிவு கட்டுவார்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடில், கிராங்க் பக்கத்து முனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால், எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது ராடு கிராங்கில் மோதிச் சத்தம் வரும். எரிவதை நிறுத்தினால் அடி குறையும், சத்தமும் குறையும். பையன் சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி.

பிஸ்டனுக்கும் அது ஓடும் சிலிண்டர் துளையான போருக்கும் இடைவெளி அதிகமாகி பிஸ்டன் சுவரில் அடிக்கும் சத்தமும் இதே மாதிரி குறையும். எரிந்த வாயுவைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டில் சேரும் இடத்தில், இடுக்கை அடைக்கும் கேஸ்கட் எரிந்து வாயு வெளியே பீய்ச்சினால், அதுவும் 'டக் டக்' என்றேதான் கேட்கும். அந்த சிலிண்டர் எரியாவிட்டால் பீய்ச்ச ஒன்றும் இருக்காது என்பதால் அதுவும் நின்றுவிடும். மூன்று வேறு வேறு கோளாறு, ஒரே பதில். இந்தச் சோதனை ஒன்றைத்தான் உறுதியாகச் சொன்னது: இது டேப்பட் இல்லை. டேப்பட் தட்டல் கேமோடு போவது, பெட்ரோல் எரிந்தாலும் எரியாவிட்டாலும் தட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த மூன்றுக்கும் செலவு வித்தியாசம் கொஞ்ச நஞ்சமில்லை. அண்ணன் அங்கேயே சொன்ன கணக்கு இது. மேனிஃபோல்டு கேஸ்கட் மட்டும் என்றால் 2,000, 3,000. மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் (ஒரு வகை போல்ட்) உடைந்து ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் பத்தாயிரம் வரை. பிஸ்டன் சத்தம் என்றால் போர் வேலை, 30,000. பிக் எண்ட் என்றால் கிராங்கையும் கிரைண்டிங் கொடுக்க வேண்டும், அதற்கும் மேலே. எது என்று தெரியாதவரை மிக மோசமானதன் விலையை வைத்துத்தான் வண்டியை மதிக்க வேண்டும் என்றார். அந்தக் கணக்கில் புரோக்கர் சொன்ன 90,000-கூட அதிகம்தான்.

அதற்குள் இன்ஜின் நன்றாகச் சூடாகிவிட்டது. பெரியவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். பிரித்துச் சொல்லும் சோதனைகளைச் செய்ய மறுபடியும் வண்டி ஆறியிருக்க வேண்டும். இன்னொரு நாள் காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

சத்தமில்லாத வண்டி

இடைப்பட்ட நாளில் மாப்பிள்ளை வேளச்சேரி பக்கம் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2012 ஆல்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து விடாமல் அதையே பேசிக்கொண்டிருந்தார். விலை 1,25,000. பாலிஷ் போட்டு, புது சீட் கவர் மாட்டி நிறுத்தியிருந்தார்கள். ஸ்டார்ட் செய்தால் சத்தமே தெரியவில்லை. "என் மெஷின் மாதிரி ஓடுது மச்சான்" என்றார். அட்வான்ஸ் கொடுக்க ஐந்தாயிரம் சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தார்.

பானட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வரும் நேரம் அவர்களுக்குத் தெரியும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, இடம் மாற்றி நிறுத்துவதற்காகக்கூட ஓட்டியிருக்கலாம். ஆயில் குச்சியை எடுத்தபோதுதான் அண்ணன் முகம் மாறியது. புத்தம்புது ஆயில், பொன் நிறம். குச்சியைக் கீழ்நோக்கிப் பிடித்தால் நுனியில் திரண்ட சொட்டு விழாமல் தொங்கிக்கொண்டே இருந்தது. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயில் இன்னும் இளகி, சட்டென்று சொட்டியிருக்க வேண்டும். "ரொம்பக் கெட்டியா ஊத்திருக்காங்க தம்பி. ஏன்னு பார்ப்போம்" என்றார்.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். பெட்ரோல் நாங்கள் போட்டுக்கொள்கிறோம், அரை மணி நேரம் வேண்டும், உங்கள் ஆளையும் கூட அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினோம். மதிய வெயிலில், ஏசி போட்டு, பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் போய்த் திரும்பினோம். போகும்போது குறை ஒன்றுமில்லை. திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நின்றபோது ஆயில் விளக்கு லேசாகக் கண் சிமிட்டியது. மாப்பிள்ளை கவனிக்கவில்லை. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் விளக்கு அணைந்தது. ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, நடுத்தர வேகத்தில் பிடித்து வைத்து, சட்டென்று விட்டார் அண்ணன். விட்ட அந்த நொடியில் அடியிலிருந்து 'டொக் டொக் டொக்' என்று கனமாக, மந்தமாக ஒரு தட்டல் வந்து மறைந்தது. கண்ணாடியை இறக்கிவைத்து மறுபடி செய்தார். அப்போதும் வந்தது.

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்தச் சந்துக்குள் அழுத்தத்தோடு நிற்கும் ஆயில் படலம்தான் இரும்பும் இரும்பும் தொடாமல் காப்பது. பேரிங் தேய்ந்து சந்து அகலமானால் ஆயில் ஓரமாக வழிந்து அழுத்தம் விழும். கெட்டியான ஆயில் அந்தச் சந்தை அடைத்துக்கொண்டு நிற்கும், ஆறியிருக்கும்போதும் வெதுவெதுப்பிலும் சத்தமே வராது. நன்றாகச் சூடாகி ஆயில் இளகியதும்தான் உண்மை வெளியே வரும். ஐடிலில் ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றுவதால் விளக்கு முதலில் அங்கேதான் சிமிட்டும். அந்த விளக்கு லேசான குறைவுக்கெல்லாம் எரியாது. அழுத்தம் மிகவும் கீழே போன பிறகே எரியும். அதனால் அது சிமிட்டுவதையே அபாயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூட வந்த கன்சல்டிங் ஆள், "ஆயில் சுவிட்ச் கம்ப்ளைன்ட் சார், சின்ன வேலை" என்றார். சுவிட்ச் கெட்டால் விளக்கு எரியும், அது உண்மை. ஆனால் சுவிட்ச் கெட்டதற்கு இன்ஜின் அடியில் தட்டல் வராது. இரண்டும் சேர்ந்து, அதுவும் சூடான பிறகு மட்டும் வந்ததால், எங்களுக்கு வேறு சோதனை தேவைப்படவில்லை. கடைக்குத் திரும்பியதும் வேறு யோசனை சொன்னார்கள்: விலையை இருபதாயிரம் குறைத்துத் தருகிறோம், புதுப்பேட்டையில் ஓடிய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்று. சொல்வது சுலபம். இன்ஜின் மாற்றினால் புது இன்ஜின் நம்பரை ஆர்டிஓ ஆபீஸில் காட்டி ஆர்சியில் ஏற்ற வேண்டும், அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குச் சரியான பேப்பரும் வேண்டும். அப்படி ஏற்றாமல் ஓட்டினால் விபத்து, இன்ஷூரன்ஸ் என்று வரும்போது மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான். மாதச் சம்பளம் இல்லாத ஒரு குடும்பத்தின் சேமிப்பை இப்படி ஓர் இன்ஜினை நம்பிக் கொடுக்கச் சொல்கிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்த நடுவில் பூந்தமல்லியில் ஒரு வேகன் ஆரும் பார்த்தோம். நியூட்ரலில் 'ர்ர்ர்' என்று ஓர் உறுமல், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும், விட்டால் வரும். அது இன்ஜினே இல்லை, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்திருந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸைப் பிரிக்கும் செலவையும் சேர்த்தால் எங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டோம்.

மறுபடியும் அம்பத்தூர்

காலையில், ராத்திரி முழுக்க நின்று ஆறிய இன்ஜினைத்தான் கேட்டோம். இப்போது மிச்சம் இருந்தது மூன்று சந்தேகம்: பிக் எண்ட், பிஸ்டன், எக்ஸாஸ்ட் கசிவு.

முதலில் சூடு. பிக் எண்ட் என்றால் சூடாகச் சூடாகச் சத்தம் கூட வேண்டும், வேளச்சேரி வண்டியில் பார்த்த மாதிரி. இங்கே நேர்மாறு. ஸ்டார்ட் செய்தபோது பானட்டே அதிர்வது போலக் கேட்ட தட்டல், டெம்பரேச்சர் முள் ஏறஏறத் தணிந்தது. போன தடவை நாங்கள் போகும்போதே இன்ஜின் ஆறியிருந்தாலும், அடுத்தடுத்து எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததில் இந்த மாற்றம் எங்கள் கவனத்தில் படவில்லை. ஏசி போட்டு பாடி மேம்பாலம் வரை ஓட்டிவிட்டு வந்தும் ஆயில் விளக்கு அசையவில்லை. ஆக்சிலரேட்டரைப் பிடித்து விட்டுப் பார்த்தும் அந்தக் கனமான 'டொக்' இல்லை. மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறும்போது மட்டும் 'டக் டக்' கூடியது, இன்ஜினுக்குப் பாரம் ஏறும்போது கூடியது, பாரம் விட்டதும் குறைந்தது. பிக் எண்டை ஒதுக்கிவைத்தோம்.

பிஸ்டன் சத்தமும் எக்ஸாஸ்ட் கசிவும் இரண்டுமே சூட்டில் குறையும். பிஸ்டன் விரிந்து போரோடு நெருங்கிவிடும். மேனிஃபோல்டு விரிந்து சந்தை ஓரளவு மூடிவிடும். அதனால் சூட்டை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. இங்கேதான் அண்ணனின் அனுபவம் தெரிந்தது. வண்டியை ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, பையனிடம் ஒரு மடித்த சாக்கைக் கொடுத்து, சைலன்சர் வாயில் இரண்டு நொடி மட்டும் வைத்து எடுக்கச் சொன்னார். முழுக்க அடைக்கவில்லை, கொஞ்சம் தடுத்தால் போதும். வெளியே போக வழி குறைந்ததும் முன்னால் 'டக் டக்' இரட்டிப்பானது, கூடவே 'புஸ் புஸ்' என்று காற்றும் கேட்டது. பிஸ்டன் போருக்குள் அடித்துக்கொள்வதற்கும் சைலன்சர் வாய்க்கும் அப்படி ஒரு தொடர்பு கிடையாது.

அடுத்து ஒரு முழ நீள ரப்பர் ஹோஸ். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை மேனிஃபோல்டு சேரும் விளிம்போடு நகர்த்தினார். ஒன்றாவது, இரண்டாவது இடங்களில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் நேராகக் காதில் அறைந்த மாதிரி இருந்தது. என்னிடமும் கொடுத்தார், கேட்டேன். ஸ்க்ரூடிரைவர் உலோகத்தின் அதிர்வைக் கடத்தும், ஹோஸ் காற்றின் சத்தத்தை மட்டும் கொண்டுவரும். இரண்டையும் வைத்துக் கேட்டால்தான் எது அடி, எது கசிவு என்று பிரியும்.

கடைசியாக, இன்ஜினை அணைத்து, ஹீட் ஷீல்டைக் கழற்றி டார்ச் அடித்தோம். மூன்றாவது துளைக்கு வெளியே ஹெட்டின் மேல் விசிறி விரித்தாற்போல் கரும்புகைக் கறை. ஓரத்து ஸ்டட் இருக்க வேண்டிய இடத்தில் நட்டும் இல்லை, மரையும் இல்லை, உடைந்த முனை மட்டும் ஹெட்டோடு சமமாக நின்றது. மேனிஃபோல்டு சூடாகி நீளும்போது அதிகம் இழுபடுவது ஓரத்து ஸ்டட்கள்தான், உடைவதும் பெரும்பாலும் அவைதான்.

பெரியவர் சொன்ன மைலேஜ் குறைவுக்கும் இதிலேயே காரணம் இருந்தது. கசியும் இடத்தில் வாயு வெளியே போவது மட்டும் இல்லை, அழுத்தம் விழும் நேரத்தில் வெளிக்காற்று உள்ளேயும் போகும். அந்தக் காற்றைப் பார்த்த ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது கூடுதலாகப் பெட்ரோல் விடும்.

விலை பேசும்போது புரோக்கர் சொன்ன 90,000-த்தையே பிடித்துக்கொண்டு பேசலாம் என்று மாப்பிள்ளைக்கு ஓர் எண்ணம். எனக்கு அதில் சம்மதமில்லை. கண்டுபிடித்ததைப் பெரியவரைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினோம். ஸ்டட் சுலபமாக வந்தால் மூவாயிரம், வராவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பத்தாயிரம், டயர் தனி என்று கணக்கைச் சொன்னோம். 1,12,000-க்கு அவரே இறங்கி வந்தார்.

பிரித்தபோது

தாம்பரம் ஷெட்டில் ஸ்டட் முதலில் மசியவில்லை. துரு இளக்கும் ஆயிலை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் அந்த முனை மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அது ஆறுவதற்குள் திருப்பினார்கள். ஒரு முறை வெல்டிங் விட்டுப்போனது, அடுத்த முறை வந்துவிட்டது. ஹெட்டைக் கழற்றும் செலவு மிச்சம். கேஸ்கட் மூன்றாவது துளையில் எரிந்து சாம்பலாகியிருந்தது. புது கேஸ்கட் போட்டு மூடிவிடலாம் என்று பையன் கை வைத்தான். அண்ணன் தடுத்து, மேனிஃபோல்டு முகத்தில் நேர்பட்டை வைத்துப் பார்த்தார். ஓரம் வளைந்திருந்தது. அப்படியே மாட்டியிருந்தால் புதுசும் சில மாதத்தில் எரிந்திருக்கும். லேத் பட்டறையில் முகம் அடித்து, எல்லா ஸ்டட்டையும் நட்டையும் புதுசு போட்டு மாட்டினோம். கேஸ்கட், ஸ்டட், லேத், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய்.

வால்வு கவரைக் கழற்றியபோது எதிர்பாராத ஒன்றைப் பார்த்தோம். இரண்டாவது சிலிண்டரில் ஒரு டேப்பட் தளர்ந்திருந்தது, ஸ்க்ரூடிரைவரில் கேட்ட சன்னமான 'டிக் டிக்' அதுதான். ஆனால் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பட்டில் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய இலைகூட நுழையவில்லை. ஆறு மாதத்துக்கு முன் டேப்பட் செட் பண்ணியவர், சத்தம் மூன்றாவதிலிருந்து வருகிறது என்று பார்த்து, அதை நிறுத்த இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார் போல. தளர்ந்த டேப்பட் சத்தம் போடும், அவ்வளவுதான். இறுகிய டேப்பட் சத்தமே போடாது, ஆனால் வால்வு முழுசாக மூடாது. வால்வின் சூடு சீட் வழியாக இறங்க முடியாமல் வால்வு எரிந்துபோகும். நல்ல வேளை, பெரியவர் அதிகம் ஓட்டவில்லை. இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டு கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தபோது மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டின. டேப்பட்டில் இப்போதும் லேசாக 'டிக்' கேட்கும். அந்த அளவு கேட்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வேறு யாராவது இறுக்கித் தருகிறேன் என்றால் விடக் கூடாது.

இதையெல்லாம் வேறு வண்டிக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இதே ஆல்டோ பெயரில் வரும் கே10 வேறு இன்ஜின், 998 சிசி, பெல்ட்டுக்குப் பதில் செயின். அதில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கரகரத்தால் செயினையும் டென்ஷனரையும் சந்தேகப்பட வேண்டும். ஆயில் அழுத்தத்தில் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கும் வண்டிகளில் நாள்கணக்கில் நின்ற பிறகு முதல் சில நொடி டிக் டிக் என்பது ஆயில் ஏறும்வரைதான், அதற்கு மேலும் நீடித்தால்தான் கவலை.

டைமிங் பெல்ட் மாற்றியதற்குக் கவரில் பில் இல்லை. அதனால் அதையும் டென்ஷனரையும் ஆயிலையும் மாற்றினோம், 4,800. நான்கு டயர் 12,000. 1,000 சிசிக்குள் இருப்பதால் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் அப்போது 2,094, அதற்கு மேல் ஜிஎஸ்டி. 2026-இல் ஆர்சிக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ஆக இருந்ததால் அதையும் அப்போதே எடுத்து வைக்கச் சொன்னேன். கிளட்சை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் லேசாக இரைகிறது. கியர்பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது. கிளட்ச் பிளேட் தேய்ந்து மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம், இறக்கி ஏற்றும் கூலி ஒரு தடவையோடு போகும் என்று அண்ணன் சொன்னதால் அதை அப்படியே விட்டிருக்கிறோம்.